கிரிஷா தரவேண்டிய மணிக்கூடு

"ரெண்டு பவுண், பதினேழு சிலிங், ஆறு பென்ஸ்" என்றார் அமிர்தநாதர், மூக்கில் செருகியிருந்த ஒட்சிசன் குழாயைப் பிடித்து இழுத்தபடி.

பேர்ணடெற் அவருடைய கையை விலக்கிக் குழாயைத் திரும்பச் செருகினாள்.

"ஓம் அப்பா, எனக்குத் தெரியும். ரஷ்யாக்காரன் தரவேணும். முதல்ல இதைக் கழட்டாமல் இருங்கோ."

"வட்டி சேர்க்கேல்லை."

"வட்டியும் சேர்த்து வாங்குவம். பேசாமல் படுங்கோ."

ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே பெப்ரவரி மாசத்துப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பனி அள்ளுகிற வண்டி ஒன்று போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்வந்தது. அது அள்ளி முடிக்க முதல் பின்னால் பனி மூடிக்கொண்டு வந்தது. காலையில் டொக்டர் வந்து, அவளுடைய தம்பி அன்ட்ரூவிடம் ஆங்கிலத்தில் நிறையச் சொன்னார். அன்ட்ரூ அதைச் சுருக்கி, "இண்டைக்கோ நாளைக்கோ அக்கா" என்று தமக்கையிடம் சொல்லிவிட்டு, டெலிபோன் இருக்கிற இடம் தேடிப் போனான்.

அப்பா சொன்ன அந்தப் பவுண் கணக்கு, பேர்ணடெற் பால்குடி மறந்த நாளில் இருந்து கேட்டு வந்த கணக்கு. மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அமிர்தநாதர் இளந்தாரியாக இருந்தபோது ஊர்காவற்றுறையில் இருந்து கொழும்புக்குப் போய், வெள்ளைக்காரனுடைய சரக்குக் கப்பலில் நிலக்கரி அள்ளிப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தவர். கிளாஸ்கோவில் கப்பல் நின்றபோது, ஒன்றரை மாசச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்து ஒரு கைமணிக்கூடு வாங்கினார். அடுத்த வருஷம் உலக யுத்தத்தில் ஜேர்மன்காரன் கப்பலைத் தாழ்த்தினான். தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போய் ஜேர்மனியில் முள்ளுக்கம்பிக்குள் விட்டான். பிறகு கறுத்தத் தோல்காரரில் கொஞ்சப் பேரைப் பிரித்துக் கிழக்கே உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு அனுப்பினான். அவ்வளவு காலமும் அந்த மணிக்கூடு அவருடைய அடிவயிற்றில் துணியோடு துணியாகக் கட்டுப்பட்டிருந்தது. எத்தனையோ முறை உடுப்பை உரிந்து சோதித்தும் ஜேர்மன்காரன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் ஒரு சித்திரை மாசத்துக் காலையில் ரஷ்ய ஆமி வந்து படலையை உடைத்துத் திறந்தது. அன்றைக்குத்தான் அவர் மணிக்கூட்டை வெளியே எடுத்துக் கையில் கட்டினார்.

"முதல் வந்தவன் என்னைக் கட்டிப் பிடிச்சான். ரெண்டாவதா வந்தவன் மணிக்கூட்டைக் கழட்டினான்."

இந்த இடத்தில் அவர் நிறுத்துவார். கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் சிரிப்பார்கள். கலியாண வீட்டிலும் சரி, செத்த வீட்டிலும் சரி, அந்த இடத்தில் சிரிக்காத ஆளை பேர்ணடெற் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அவர் வேறு மணிக்கூடு கட்டவில்லை. எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அன்ட்ரூ மார்க்கம் நகரத்துக் கடையில் விலை கூடின ஒன்று வாங்கி வந்து கொடுத்தான். "கை கடிக்குது" என்று சொல்லிப் பெட்டியோடு அலுமாரியில் வைத்துவிட்டார்.

நாட்டை விட்டு வந்த பிறகு, டோர்செட் பார்க் அடுக்குமாடியில் அவர்கள் இருந்தது நாலாம் மாடி. ரஷ்யாக்காரர் கிரிஷா ஒன்பதாம் மாடி. உடுப்புத் தோய்க்கிற அறையில்தான் இரண்டு கிழவர்களும் சந்தித்தார்கள். கிரிஷாவுக்கு ஆங்கிலம் நாலைந்து சொல்தான் வரும். அமிர்தநாதருடையது கப்பல் ஆங்கிலம். அதில் பாதி பெண்பிள்ளைகளுக்கு முன்னால் பேச முடியாதது. மெஷினுக்குள் உடுப்பு சுற்றி முடிகிற நேரத்துக்குள் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு பாஷை அகப்பட்டது. ஜேர்மன். ஒருவர் கைதியாக இருந்து பொறுக்கியது, மற்றவர் சண்டை பிடித்துக்கொண்டு போகும் வழியில் பொறுக்கியது. தங்கள் இரண்டு பேரையும் கொல்லப் பார்த்தவனுடைய பாஷையில் அவர்கள் சீட்டு விளையாடினார்கள், வருத்தத்துக்குப் போடுகிற குளிசையின் பெயர்களைச் சொன்னார்கள், மக்களைப் பற்றிக் குறைப்பட்டார்கள். யாராவது தோற்றால் "கப்புட்" என்று மேசையில் அடிப்பார்கள். பேர்ணடெற்றுக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். தோற்றது, முடிந்தது, உடைந்தது எல்லாவற்றுக்கும் அதுதான் சொல் என்று விளங்கி வைத்திருந்தாள்.

மாடியில் இருந்த தமிழ்ச் சனம் கிரிஷாவைக் கிருஷ்ணர் ஆக்கிவிட்டது. "சிலுவை வைச்ச வேதக்காரரின்ர வீட்டுக்கு நாளாந்தம் கிருஷ்ணர் வாறார்" என்று பக்கத்து வீட்டு மங்கையற்கரசி லிஃப்டுக்குள் வைத்துச் சொல்லிச் சிரிப்பாள்.

கிரிஷாவின் வலது கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும்தான் இருந்தன. கண்ணிவெடி கிளப்புகிற படையில் இருந்தவர். யுத்தத் தாங்கிகள் போவதற்கு முன்னால் நிலத்தில் குப்புறக் கிடந்து, கத்தியால் மண்ணைக் குத்திக் குத்திப் பாதை விட்டுக் கொடுக்கிறது அவர்களுடைய வேலை. வொல்கா ஆற்றங்கரையில் தொடங்கி ஜேர்மனி வரைக்கும் அப்படியே போயிருக்கிறார். கூடப் பிறந்த மூன்று ஆண்களும் அந்தச் சண்டையில் செத்துப்போனார்கள். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது, மாட்டுக்குப் பதிலாகப் பெண்டுகள் கலப்பை இழுத்துக்கொண்டு நின்றார்களாம்.

"ரீவியில வெள்ளைக்காரன் கடற்கரையில வந்து இறங்கினதைத்தான் போட்டுப் போட்டுக் காட்டுறாங்கள்" என்று அமிர்தநாதர் மகளுக்குச் சொல்லுவார். "ஜேர்மன்காரன்ர நாரி எலும்பை முறிச்சவங்கள் உந்த ரஷ்யாக்காரங்கள், பிள்ளை. செத்த சனத்துக்குக் கணக்கு இல்லை. ஒவ்வொரு வீட்டிலயும் செத்திருக்குது."

சொல்லிவிட்டுக் கிரிஷாவின் பக்கம் திரும்பி, வெறும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவார். ரெண்டு பவுண், பதினேழு சிலிங், ஆறு பென்ஸ். எங்கே என்னுடைய மணிக்கூடு? எடுத்தவன் வேறு யாரோ; ஆள் ரஷ்யாக்காரன் என்றபடியால் கடன் கிரிஷாவின் தலையில்.

"நாளைக்கு" என்பார் கிரிஷா. ஒவ்வொரு நாளும் நாளைக்குத்தான். இரண்டு பேரும் இருமி இருமிச் சிரிப்பார்கள்.

பின்னேரம் வேலைக்குப் போகும்போது அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் போவாள் பேர்ணடெற். டவுன்டவுனில் உத்தியோகத்தர் வேலை செய்கிற ஒரு கந்தோர்க் கட்டடத்தில் குப்பைக் கூடை கொட்டி, நிலம் துடைக்கிற வேலை. அந்தக் கிழவர் முழங்கை பிய்ந்த கம்பளிச் சட்டையோடு வந்து இருக்கும் வரைக்கும் அவளுக்கு அவரால் கரைச்சல் இல்லை.

போன வருஷம் மே மாசம், அந்தச் சண்டை முடிந்து ஐம்பது வருஷம் ஆன நாளில், கதவு தட்டுப்பட்டது. திறந்தாள். கிரிஷா பச்சை நிறத்தில் ஒரு பழைய பட்டாளத்துச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். நெஞ்சு முழுக்க மெடல். மூச்சு விட அவை ஒன்றோடு ஒன்று முட்டிச் சத்தம் போட்டன. ஒரு கையில் போத்தல். மற்றக் கையில் மூன்று சிவப்புப் பூ. உயிரோடு இருக்கிறவர்களுக்கு அவர்கள் ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்பார்கள் என்று அப்பா முன்பொருமுறை சொல்லியிருந்தார்.

அவளுக்குப் பூவோ முகமோ தெரியவில்லை. சட்டைதான் தெரிந்தது. அப்படிப் பச்சைச் சட்டை போட்ட ஆமிதான் ஐந்து வருஷத்துக்கு முதல் ஊரில் அவளுடைய புருஷன் கஸ்பரை விசாரித்துப்போட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனது. அவன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு போனான். சேட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே ஓடினவள், திரும்பி வந்தபோது வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கைப் பாதை வெறுமையாகக் கிடந்தது.

அவள் கதவைச் சாத்தினாள். சங்கிலியையும் போட்டாள்.

"ஆர் பிள்ளை?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"ஒருத்தருமில்லை."

வேலைக்குப் போகும்போது பார்த்தாள். பூ வாசலில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக் குழாய்க்குள் போட்டாள். திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேசையில் சீட்டு இரண்டு கையாகப் பிரித்து வைத்தபடி கிடந்தது. அதற்குப் பிறகு கிரிஷா வரவில்லை. ஏன் வரவில்லை என்று அமிர்தநாதர் ஒரு நாளும் கேட்கவில்லை.

"பேர்ணி" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர் கூப்பிட்டார்.

"என்ன அப்பா? தண்ணி வேணுமே?"

"அந்த ரஷ்ய ஆமிக்காரன் மணிக்கூட்டைக் கழட்டினவன் எல்லோ."

"ஓம்."

"கழட்டித் தன்ர கையில கட்டிக்கொண்டு ரெண்டு எட்டுப் போனவன். பிறகு திரும்பி வந்தவன்."

பேர்ணடெற் நிமிர்ந்தாள். கதையில் இந்தப் பகுதி இல்லை. அவன் திரும்பி வந்ததை இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதில்லை.

"என்ர காலைப் பார்த்தான். சாக்குத்தான் சுத்திக் கிடந்தது. அப்பிடியே வேலிக்கரையில குந்தித் தன்ர சப்பாத்தைக் கழட்டினான். சின்னப் பெடியன் பிள்ளை. மீசை கூட முளைக்கேல்லை. கால் முழுக்கப் புண்." அவர் மூச்செடுக்க நேரம் சென்றது. "எனக்குப் போட்டுவிட்டு என்ர சாக்கைத் தான் சுத்திக்கொண்டு போனான். அங்கால இன்னும் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"மணிக்கூட்டுக் கதைக்குச் சனம் சிரிக்கும். இதுக்கு என்ன செய்யும்?"

அவள் போர்வையை இழுத்து அவருடைய காலை மூடினாள். ஒட்சிசன் மெஷின் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"அந்தச் சப்பாத்தோடதான் கப்பலடி வரைக்கும் நடந்து வந்தனான். இல்லாட்டி நான் ஆர், நீ ஆர். சப்பாத்து என்ன விலையெண்டு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" கண்ணை மூடிக்கொண்டார். "கிரிஷாட்டச் சொல்லு. மணிக்கூட்டுக் கணக்கை வெட்டியாச்சு எண்டு."

"வீட்டை வந்து நீங்களே சொல்லுங்கோ."

"நான் சொல்லக் கூடாது பிள்ளை. நீதான் சொல்லவேணும்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சாத்தின கதவுக்கு வெளியே யார் நின்றது என்று அவருக்கு அப்போதே தெரியும். ஒன்பது மாசமாகத் தெரியும். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அன்ட்ரூ கோப்பியோடு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. போராட்டம் ஒன்றும் இல்லை. கரி அள்ளின நெஞ்சு ஒருமுறை ஏறியது, இறங்கியது, பிறகு ஏறவில்லை. நர்ஸ் வந்து குழாயைக் கழற்றினாள். இனி அதைத் திரும்பச் செருக வேண்டியதில்லை என்று விளங்காமல் பேர்ணடெற்றின் கை ஒருமுறை நீண்டுபோய்த் திரும்பியது.

அன்ட்ரூ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சவப்பெட்டிக்கும் கோயில் பூசைக்கும் ஒழுங்கு பண்ணப் போனான். அவள் லிஃப்டுக்குள் நின்று நாலை அமத்தினாள். பிறகு ஒன்பதை அமத்தினாள். நாலில் கதவு திறந்து மூடியது.

கிரிஷாதான் கதவைத் திறந்தார். அதே பிய்ந்த கம்பளிச் சட்டை. அவளைக் கண்டதும் அவருடைய கை தன் நெஞ்சுப் பக்கம் போனது. அங்கே மெடல் ஒன்றும் குத்தியிருக்கவில்லை என்று பார்க்கிறவர்போலத் தடவிவிட்டு இறங்கியது.

லிஃப்டுக்குள் அவள் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டுதான் வந்தாள். கணக்கை வெட்டியாச்சு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, சப்பாத்தை எப்படிச் சொல்வது. வாய் திறந்தபோது ஒன்றும் வரவில்லை.

"அப்பா" என்றாள். "அப்பா... கப்புட்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. உடைந்த மெஷினுக்குச் சொல்கிற சொல், தோற்ற சீட்டுக்குச் சொல்கிற சொல். கிரிஷாவின் வாய் ஒருபக்கம் கோணியது. அவர் தலையை மெல்ல ஆட்டினார், ஆட்டிக்கொண்டே நின்றார். மரியாதைக்கு அவள் இன்னும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். திரும்பி நடந்தாள். லிஃப்டுக்கு நில்லாமல் படியால் இறங்கினாள். அப்பா தந்த ஒரு வேலை. அதையும் பாதியில் விட்டுவிட்டு வந்தாயிற்று.

இரண்டு நாள் பின்னேரம் ஒரு மண்டபத்தில் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். அன்ட்ரூ அப்பாவுக்குக் கோட்டும் சூட்டும் வாங்கியிருந்தான். பெட்டிக்குள் கிடந்தவர் கணக்கெழுதுகிற உத்தியோகத்தர்போல இருந்தார். விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது.

"அக்கா, நான் குடுத்த மணிக்கூட்டைக் கட்டிவிடுவமே? கை வெறுமையாக் கிடக்குது."

"வேண்டாம்."

"ஏன்? புதுசு. பெட்டி கூடப் பிரிக்கேல்லை."

"அதுதான் வேண்டாம்."

அன்ட்ரூ முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஆட்களை வரவேற்றான்.

இடமும் நேரமும் எழுதி அன்ட்ரூ லிஃப்டுக்குள் ஒட்டியிருந்தான்; என்றாலும் முதல் நாள் கிரிஷா வரவில்லை. ஒவ்வொருமுறையும் வெளிக் கதவு திறந்து குளிர் உள்ளே வரும்போது பேர்ணடெற் திரும்பிப் பார்த்தாள். அஜக்ஸ் நகரத்தில் இருந்து வந்தார்கள், மார்க்கத்தில் இருந்து வந்தார்கள். அப்பாவைத் தெரியாதவர்கள்கூட அன்ட்ரூவுக்காக வந்தார்கள். ஒன்பதாம் மாடியில் இருந்து ஒருவரும் வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரு பின்னேரம்; அதற்கு அடுத்த நாள் விடிந்தால் பூசை, பிறகு பெட்டி மூடுவது. அதற்குள் அவர் வராவிட்டால், செத்தவர் வெட்டச் சொன்ன கணக்கு வெட்டுப்படாமலே மண்ணுக்குள் போகும்.

இரண்டாம் நாள் செபமாலை பாதியில் நடந்துகொண்டிருக்கும்போது கதவு திறந்தது. கிரிஷா இரண்டு பஸ் மாறி, மிச்சத் தூரம் நடந்து வந்திருக்க வேண்டும். தொப்பியிலும் தோளிலும் பனி. சப்பாத்தில் இருந்து ஒழுகிய தண்ணீர் கம்பளத்தில் கோடு போட்டது. மேல்கோட்டைக் கழற்றினார். உள்ளே அந்தப் பச்சைச் சட்டைதான். மெடல் ஒன்றும் இல்லை. இருந்த இடமெல்லாம் ஊசி குத்திய ஓட்டைகள். அந்தந்த இடத்தில் மட்டும் துணி வெயில் படாமல் கரும்பச்சையாக இருந்தது.

"உவர் எங்கட கிருஷ்ணரெல்லே" என்று பின்னால் மங்கையற்கரசி குசுகுசுத்தாள். "குடிச்சுப்போட்டு வந்தாரோ தெரியாது. பூவைப் பாருங்கோ. ரெண்டே ரெண்டு. உந்த உலகத்தில இப்பிடி ஒரு கஞ்சனை நான் காணேல்லை."

அப்பா சொன்ன ஒற்றைப்படையை நினைத்துக்கொண்டு பேர்ணடெற்றும் பார்த்தாள். இரண்டு.

கிரிஷா பெட்டிக்குக் கிட்டப் போனார். சிலுவை போடவில்லை, கும்பிடவும் இல்லை. பூவை அமிர்தநாதரின் காலடியில் வைத்தார். ஜேர்மனில் ஏதோ சொன்னார், சீட்டு மேசைக்கு அங்காலே இருக்கிற ஆளிடம் சொல்லுகிறமாதிரி. பிறகு இடது கைச் சட்டையை மேலே தள்ளி, மணிக்கூட்டுப் பட்டியைக் கழற்றத் தொடங்கினார்.

மூன்று விரலால் அது இலேசில் கழரவில்லை. பட்டி பழையது, அதை மாட்டுகிற கொழுவி இறுகிப்போயிருந்தது. சனம் செபமாலையை விடவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் "அருள் நிறைந்த மரியே" என்று இழுத்துக்கொண்டிருந்தது. ஒருவழியாகக் கழன்றது. அவர் குனிந்து அமிர்தநாதரின் கையைத் தொட்டார். செபமாலை சுற்றிய விறைத்த கைக்குள் பட்டியை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

அன்ட்ரூ எழும்பினான். "எக்ஸ்கியூஸ் மீ, சேர்..."

"விடு தம்பி" என்றாள் பேர்ணடெற்.

அவள் பெட்டியின் மற்றப் பக்கத்தில் வந்து நின்றாள். கிரிஷா மணிக்கூட்டை அவளிடம் நீட்டினார்.

"டூ பவுண்ட்" என்றார். நாக்கைக் கூட்டிச் சேர்த்து, ஒவ்வொன்றாக: "செவன்டீன். சிக்ஸ்."

வீட்டு ஆட்களைத் தவிர வேறொருவர் அந்தக் கணக்கைப் பிழையில்லாமல் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல்முறை.

அவள் மணிக்கூட்டை வாங்கினாள். கண்ணாடி கீறிப் போயிருந்தது. அவருடைய உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. அப்பாவின் கையில் கட்டப்போகிறாள் என்று நினைத்து, அன்ட்ரூ செபமாலையை விலக்கிக் கொடுக்கக் குனிந்தான்.

அவள் பெட்டியைச் சுற்றி வந்தாள். அந்தப் பச்சைச் சட்டைக்கு முன்னால், மூச்சுப் படுகிற தூரத்தில் நின்றாள். ஈரக் கம்பளியும் புகையிலையும் மணத்தது. அவள் விலகவில்லை. அவருடைய இடது கையைப் பிடித்து, சட்டையை முழங்கைப் பக்கம் தள்ளினாள். மணிக்கூடு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்கு மேல் மணிக்கூட்டை வைத்தாள். கிரிஷா கையை இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் பெட்டியைக் காட்டினார். அவள் திரும்பவும் தலையை ஆட்டினாள். பட்டியைக் கொழுவிக்குள் விட்டு இழுத்தாள். கண்ணீர் மறைத்தபடியால் ஒரு ஓட்டை கூடப் போய் இறுகிவிட்டது. சட்டைக் கையை இறக்கிவிட்டு, அதன் மேல் ஒருமுறை தட்டினாள். சீட்டு முடிந்தால் மேசையில் தட்டுகிற மாதிரி.

கிரிஷா அவளைப் பார்த்தார். பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தார். பிறகு போய்க் கடைசி வரிசையில் ஒரு கதிரையில் இருந்தார். இறுகிய பட்டியை அவர் இளக்கவில்லை. மற்றக் கையால் மணிக்கட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, விளங்காத பாஷையில் நடக்கும் செபத்தை முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா இது?" என்று அன்ட்ரூ மெல்லக் கேட்டான். "அவர் ஆசையா அப்பாவுக்குக் கொண்டு வந்தது."

"கணக்கு முடிஞ்சுது தம்பி. நீ இரு."

சனம் கலைந்து, விளக்குகளைக் குறைத்தபோது, அவள் கோட்டை எடுத்துக்கொண்டு கடைசியாக வெளிக்கிட்டாள். கிரிஷா இருந்த பின்வரிசைக் கதிரைக்குக் கீழே, இரண்டு சப்பாத்தின் அளவுக்குப் பனி கரைந்து தண்ணீராக நின்றது. பழக்கதோஷத்தில் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்து, கைலேஞ்சியைத் திரும்பக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். அந்தத் தண்ணீரை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.